இரும்புலியூர்ச் சுவரில் தனபால்

பூம் லிஃப்ட் ஓட்டுகிற பிள்ளைகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். கண்ணாடி துடைக்கிறவரை மேலே ஏற்றுகிறோம், போர்டு மாட்டுகிறவரை ஏற்றுகிறோம். சுவரில் படம் வரைகிறவரை ஏற்றுவதில் மட்டும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? தாம்பரத்தைச் சுற்றி இப்போது பாலத் தூண், பள்ளிக்கூடச் சுவர், அடுக்குமாடியின் பக்கச் சுவர் என்று எங்கே பார்த்தாலும் படம் வரைகிறார்கள். அவர்களுக்கு அந்த வேலை அடிக்கடி வருகிறது. அதனால்தான் கேட்கிறார்கள்.

படம் வரைகிறவர் பின்னால் நகர்வார். அதுதான் வித்தியாசம். கண்ணாடி துடைக்கிறவருக்குக் கண்ணாடியைத் தள்ளி நின்று பார்க்கும் தேவை இல்லை. ஓவியருக்கு உண்டு. ஒரு கோடு இழுத்ததும் அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கால் தானாகப் பின்னால் போகும். தான் நிற்பது ஒரு இரும்புக் கூடை, கீழே நாலு மாடி ஆழம் என்பது அந்த நிமிஷத்தில் அவர் நினைவில் இருக்காது. பக்கத்தில் லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நமக்கு இருக்க வேண்டும்.

இதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். மீதியை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்து, டீசல் எஞ்சின் சத்தத்தில் ஒரு காதும் மந்தமாகி, இப்போது வீட்டோடு இருக்கிறேன். எழுத நேரம் இருக்கிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை பெரிதல்ல. தெருவிளக்கு மாற்றும் ஏணி வண்டியில் கிளீனராகச் சேர்ந்தேன். பிறகு கிரேனில் கொஞ்ச காலம். பிறகு பெருங்களத்தூரில் பஷீர் பாயின் யார்டு. அவர் பூம் லிஃப்ட் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறவர். லாரியைப் போன்ற அடிப்பாகம், அதன்மேல் மடங்கி நீளும் ஓர் இரும்புக் கை, கையின் நுனியில் இரண்டு பேர் நிற்கும் கூடை. கூடைக்குள் நின்றுதான் அதை இயக்க வேண்டும். கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. பயம் போக அதைவிட அதிகக் காலம் ஆயிற்று.

பஷீர் பாய் ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டைதான் எப்போதும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காலையில் இயந்திரத்தைச் சுற்றி ஒரு நடை வருவார். ஒரு கை அதன்மேலேயே இருக்கும், மாட்டைத் தடவிக்கொண்டு போகிறவரைப்போல. டயர், எண்ணெய்க் குழாய், கூடையின் தரைப்பலகையை இறுக்கியிருக்கும் போல்ட் என்று ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். கடைசியில் நம்மிடம் வருவார். நம்மைக் கூடையோடு பிணைக்கும் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைப் பிடித்து இரண்டு முறை சுண்டி இழுப்பார். இழுக்கும்போது அவர் பார்ப்பது கொக்கியை அல்ல, நம் முகத்தை. கண் சிவந்திருந்தால், குடித்த வாடை வந்தால், "இன்னைக்குப் போய்த் தூங்குப்பா" என்பார். அவ்வளவுதான். திட்டு கிடையாது, விசாரணை கிடையாது. ஆனால் அன்றைக்கு நமக்கு வண்டி கிடையாது.

ஒருமுறை ஒரு கட்டட மேஸ்திரி, "பாய், சீக்கிரம் அனுப்புங்க, டைம் ஆகுது" என்று கத்தினார். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்கும் சேர்த்து டீ சொன்னார். டீ வந்து, குடித்து முடித்த பிறகுதான் எழுந்து குழாய்களைப் பார்க்கப் போனார். "மேல போறது சரக்கு இல்ல சார், ஆளு" என்று மட்டும் சொன்னார்.

முதன்முதலில் நான் ஏற்றிய ஓவியர் ஜான்சன். முடிச்சூரில் ஓர் அடுக்குமாடியின் பக்கச் சுவர். வெள்ளம் வந்து போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தாலும், அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு அப்படியே இருந்தது. தண்ணீர் நின்ற மட்டம். அதை மறைக்கத்தான் படம் வரையச் சொன்னார்கள். ஜான்சன் முதல் நாள் சுவர் முழுக்கக் குழந்தை கிறுக்கியதைப்போல எழுத்தும் வட்டமும் அம்புக்குறியுமாகக் கிறுக்கி வைத்தார். குடியிருப்போர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பிறகுதான் விளக்கினார். அந்தக் கிறுக்கலைப் படம் பிடித்து, செல்போனில் அதன்மேல் தன் ஓவியத்தை வைத்துப் பார்த்தால், எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் மூக்கு, எந்த வட்டத்தின்மேல் விரல் என்று தெரியுமாம். அவ்வளவு பெரிய சுவரில் அதுதான் அளவுகோல்.

அவர் வரைய நினைத்தது ஒரு மீன் கூட்டம். தரைத்தளத்தில் குடியிருந்த ஓர் அம்மா மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு, "மீன் மட்டும் வேண்டாம் சார். எங்க ஹால்லயே மீன் நீந்தினதைப் பாத்துட்டோம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஜான்சன் மீன்களை விட்டுவிட்டுப் பறவைகளை வரைந்தார்.

அங்கேதான் அவர் பின்னால் நகர்ந்தார். ஒரு சிறகுக்கு நீலம் அடித்துவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு கூடையின் கம்பியில் முதுகு மோதும்வரை வந்து, அதற்கு மேலும் வளைந்தார். பெல்ட்டின் கயிறு விறைத்து அவரைப் பிடித்துக்கொண்டது. முகம் வெளுத்து என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து ஓவியர் தூரிகையை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்தால் நானே கூடையைச் சுவரிலிருந்து பின்னால் எடுத்துவிடுவேன். அவர் காலுக்குப் பதிலாக இயந்திரம் நகரும்.

அப்படி நகர்த்தி நகர்த்தித்தான் எனக்கும் பார்க்கும் பழக்கம் வந்தது. கையெட்டும் தூரத்தில் கன்னம் என்பது வெறும் பழுப்புப் பூச்சு. இமை என்பது கரித்துண்டால் இழுத்ததைப்போல ஒரு தடம். கீழே இறங்கி, சாலையைக் கடந்து, எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றால்தான் அது ஒரு முகம். மதிய சாப்பாட்டை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். தெற்குப் பார்த்த சுவரில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலம் தாங்கும் என்று தெரிந்துகொண்டேன். சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாயை மறைக்கப் பாடுபடுகிறவரைவிட, அதையே மரக்கிளையாக்கிவிடுகிறவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் என் மனைவியை முடிச்சூருக்குக் கூட்டிப்போய் ஜான்சனின் சுவரைக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. இதுக்கா இவ்ளோ தூரம்?" என்றாள். ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

இரும்புலியூர்ச் சுவர் அதற்கெல்லாம் பிறகு வந்தது.

ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்த, ஜன்னல் இல்லாத நாலு மாடிச் சுவர். ஒரு கம்பெனியின் நன்கொடையில் ஒரு தொண்டு அமைப்பு அதை எடுத்திருந்தது. அமைப்பின் சார்பாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் கிஷோர் என்ற இளைஞர். ஓவியர் ரேவதி, புதுச்சேரிப் பெண். தெருவைச் சுத்தம் செய்கிற ஒருவரின் முகத்தைச் சுவர் முழுக்க வரைவது அவளுடைய யோசனை. குடியிருப்போர் சங்கமும் சம்மதித்திருந்தது. "தொழிலாளர் முகம்" என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். யார் முகம் என்று அவர்கள் கேட்கவில்லை.

துப்புரவுப் பணியாளர்கள் காலையில் கூடும் கொட்டகைக்கு ரேவதி போய், உங்களில் யாரை வரையட்டும் என்று கேட்டிருக்கிறாள். எல்லோரும் வெட்கப்பட்டு விலகினார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் தன் செல்போனிலிருந்து ஒரு படத்தைக் கொடுத்தார். "தனபாலை வரைங்க. நல்ல மனுஷன். இப்ப இல்ல, போயிட்டாரு. வீட்ல சந்தோஷப்படுவாங்க." அடையாள அட்டைக்காக எடுத்த படம். கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்ட கண்கள். எந்தச் சுவரில் வரையப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. தனபால் எங்கே, எப்படிப் போனார் என்று நாங்களும் கேட்கவில்லை.

சுவரில் மேலிருந்து கீழாகத்தான் வரைய வேண்டும். இல்லாவிட்டால் முடித்த இடத்தில் பெயிண்ட் ஒழுகும். முதலில் முடி. பிறகு நெற்றி. நெற்றிக்கு மட்டும் ரேவதி மண், செங்கல், காப்பித்தூள் என்று அத்தனை பழுப்பையும் கலந்தாள். பிறகு கண்கள். கூடையில் நின்றால் ஒரு கண்ணின் நீளம் என் உயரம் இருந்தது. கண்களை ஒரு முற்பகலில் முடித்தாள். நான் கூடையைப் பின்னால் எடுத்தேன். அந்த மிரட்சி அப்படியே வந்திருந்தது. ஆனால் அவ்வளவு பெரிதாக வந்ததும் அது மிரட்சியாக இல்லை. சாலையில் போகிற ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பதைப்போல இருந்தது.

அப்போதுதான் கீழே ராமமூர்த்தி சாரைப் பார்த்தேன். சங்கத்தின் செயலாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காய்கறிப் பையோடு சாலையைக் கடந்து வந்தவர், எங்கள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று நினைத்துக் கூடையை இறக்கினேன்.

"இவர் யாருன்னு தெரியுமாம்மா உனக்கு?" என்று ரேவதியைக் கேட்டார்.

"தனபால்னு சொன்னாங்க சார்."

"எங்க செத்தார்னு சொன்னாங்களா?"

ரேவதி இல்லையென்று தலையசைத்தாள்.

"இங்கதான். பில்டிங்குக்குப் பின்னால. செப்டிக் டேங்க்ல." பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான்தான் ஃபோன் பண்ணி வரச்சொன்னேன். கழிவுநீர் லாரி வர நாளாகும்னாங்க. டேங்க் வழிஞ்சு, கீழ் வீட்ல குழந்தைங்க எல்லாம் இருக்கு... ஒரு கான்ட்ராக்டர் ஞாயித்துக்கிழமை இவரைக் கூட்டிட்டு வந்தார். உள்ள இறங்காதீங்க, மோட்டார் வெச்சு எடுங்கன்னு நான் சொன்னேன்." நிமிர்ந்து சுவரில் இருந்த கண்களைப் பார்த்தார். "சொன்னேனா இல்லையான்னு இப்ப எனக்கே தெரியலம்மா. சொன்னதா போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

ரேவதி தூரிகையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பெயிண்ட் அவள் செருப்பின்மேல் சொட்டியது.

அது யார் முகம் என்ற செய்தி வீடு வீடாகப் பரவி, அன்று மாலையே கார் நிறுத்துமிடத்தில் சங்கத்தின் கூட்டம் நடந்தது. அழித்துவிட வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். "டெய்லி குழந்தையை ஸ்கூல் பஸ் ஏத்த வர்றப்போ இந்தக் கண்ணைப் பாத்துட்டே நிக்கணுமா?" என்றார் ஓர் அம்மா. குரல் உடைந்திருந்தது, அவர் கெட்டவர் இல்லை. இனி யார் இந்த வீட்டை வாங்க வருவார்கள் என்று ஒருவர் கேட்டார். ராமமூர்த்தி சார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். நெற்றியும் கண்களுமாக, மூக்கின் மேட்டோடு நின்றுபோன முகம் அப்படியே இருந்தது.

மறுநாள் பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண் பேட்டரி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சுவருக்கு எதிரே நிறுத்தினார். இறங்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். குப்பைத் தொட்டிகள் நிறைந்த வண்டி. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பெண் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எங்களிடம் வந்தார்.

"யாரு இத்த வரைஞ்சது?"

"நான்தாங்க" என்றாள் ரேவதி.

"யாரக் கேட்டு வரைஞ்ச?"

ரேவதி சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அவரு சம்சாரம். கஸ்தூரி. பெருங்களத்தூர் பக்கம் டூட்டி. டீக்கடைல சொல்றாங்கோ, உன் வூட்டுக்காரரு செவுத்துல கீறாரு, போய்ப் பாருன்னு. நான் இன்னான்னு நெனச்சிகினு வருவேன், சொல்லு?" கத்தவில்லை. தெருவில் யாரிடமும் கத்திப் பழக்கமில்லாத குரல். "எம் பொண்ணு ஸ்கூல்ல யாருக்கும் சொல்லல, அப்பா எப்டி செத்தாருன்னு. நெஞ்சு வலின்னு சொல்லிகினு கீது. நாளைக்கி இந்த வழியா அத்தினி புள்ளைங்களும் போவும்."

"மன்னிச்சிடுங்கக்கா. அழிச்சிடறேன். இன்னைக்கே அழிச்சிடறேன்" என்றாள் ரேவதி. அழுதுகொண்டிருந்தாள்.

கஸ்தூரி கூடையைக் காட்டி என்னிடம் கேட்டார். "அண்ணா, இதுல என்ன மேல இட்டுனு போவியா? கிட்டக்க பாக்கணும்."

வெளியாட்களை ஏற்றக் கூடாது. நான் பாய்க்கு ஃபோன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "இரு, வரேன்" என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு புது பெல்ட்டோடு வந்து சேர்ந்தார். கஸ்தூரியைப் பார்த்து, "புடவையோட இதைப் போட முடியாதும்மா. தொடைல பட்டை வரும்" என்றார். ரேவதியிடம் பெயிண்ட் படிந்த ஒரு பேன்ட் இருந்தது. காவலாளி அறையில் போய்க் கஸ்தூரி அதைப் போட்டுக்கொண்டு, மேலே அதே பச்சைக் கோட்டோடு வந்தார். பாய் அவரைத் தொடவில்லை. தள்ளி நின்று, எந்தப் பட்டை எங்கே வர வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ரேவதிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் முடிந்ததும் கொக்கியை மட்டும் பிடித்து இரண்டு முறை இழுத்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

நானும் கஸ்தூரியும் ஏறினோம். மேலே போகும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தார். நின்றதும் திறந்தார். சுவர் முழங்கை தூரத்தில் இருந்தது.

"ஒண்ணும் தெரியலியே. வெறும் பெயின்ட்டா கீது." கையை நீட்டித் தொட்டார். "சொரசொரன்னு கீது. இது இன்னா?"

"புருவம்மா."

உள்ளங்கையை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் பொறுத்து, "பின்னால எடுக்கறேன், புடிச்சுக்கங்க" என்று சொல்லி மெதுவாகக் கூடையை நகர்த்தினேன். கை சுவரை விட்டது. புருவம் சேர்ந்தது, இமை சேர்ந்தது, இரண்டு கண்களும் சேர்ந்து அவரைப் பார்த்தன.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "ஆஸ்பத்திரில மூஞ்சியக் காட்டலண்ணா. துணில சுத்திக் குடுத்துட்டாங்கோ. பாக்காத, மனசுலயே நின்னுடும்னாங்கோ. நின்னா இன்னா? எங்கூட்டுக்காரரு மூஞ்சிதான? நின்னுட்டுப் போவட்டுமே" என்றார்.

பிறகு தலையைத் திருப்பினார். அந்த உயரத்தில் இரும்புக் கை வளைந்ததில் கூடை சுவரின் ஓரத்தைத் தாண்டி வந்திருந்ததால் பக்கவாட்டில் கட்டடத்தின் பின்பக்கம் தெரிந்தது. சுற்றுச்சுவர், மோட்டார் அறை, துணி காயும் கொடி, தரையோடு தரையாக ஒரு சிமென்ட் மூடி. மூடியைச் சுற்றிப் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள்.

"அதானா?"

முந்தின நாள் ராமமூர்த்தி சார் கைகாட்டியிருந்தார். "ஆமாம்மா" என்றேன்.

"அன்னிக்கி என்ன கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சாங்கோ. உள்ள வுடல." எட்டிப் பார்த்தார். அவர் பெல்ட்டின் கயிற்றை என் கையில் சுற்றிக்கொண்டேன். "அவ்ளோ சின்னதா?" தன் இரண்டு கைகளையும் விரித்து ஓர் அகலம் காட்டினார். அது தனபாலின் தோள் அகலம் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கைகளை அப்படியே வைத்துக்கொண்டு அந்த மூடியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "தோளு இடிக்குமேண்ணா. இதுல எப்டி எறங்கினாரு?"

ஓவியத்தைப் பார்த்ததைவிட அந்த மூடியைத்தான் அதிக நேரம் பார்த்தார். கீழே சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்ற சிலர் செல்போனைத் தூக்கி எங்களைப் படம் எடுத்தார்கள்.

இறங்கியதும் ரேவதியிடம் போய்ச் சொன்னார். "அழிக்காத. கண்ணு இருக்கட்டும். மூக்கும் வாயும் மட்டும் வரையாத. அது வழியாத்தான் அந்த கேஸு உள்ள பூந்துச்சு." பேன்ட்டை மாற்றிக்கொண்டு வந்து, அதை மடித்துக் கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

"பொண்ணுகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று நான் கேட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு தோன்றியது. அதை அவரே யோசித்திருப்பார். மகளிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

ரேவதி சங்கத்திடம் போய், கண்களோடு நிறுத்திவிடலாம், கீழே வெறும் சுவராக இருக்கட்டும் என்று மன்றாடினாள். ராமமூர்த்தி சார் முதன்முறையாக வாயைத் திறந்து, "இருக்கட்டுமே" என்றார். அவர் ஒருவர்தான். அரைகுறைப் படத்தின் கீழே தன் பெயரைப் போட முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. நாலு நாள் இழுபறிக்குப் பிறகு கிஷோர் ஒரு வழி கண்டுபிடித்தார். முகத்தில் மாஸ்க். தலையில் மஞ்சள் ஹெல்மெட். கீழே கும்பிடும் கைகள், அவற்றில் கையுறை. அடியில் தூய்மையைப் பற்றி ஒரு வாசகம். மூக்கும் வாயும் மறைந்தால் இது தனபால் என்று யாருக்கும் தெரியாது. பொதுவாக ஒரு தொழிலாளி, அவ்வளவுதான். சங்கம் ஒப்புக்கொண்டது. கம்பெனிக்கும் பிடித்துவிட்டது.

ரேவதி ஒப்புக்கொள்ளவில்லை. "அவருக்கு யாருமே குடுக்காத மாஸ்க்கை நான் எப்படிண்ணா வரைவேன்?" என்றாள். தூரிகைகளைக் கழுவிக் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் கஸ்தூரியின் வீட்டைத் தேடிப் போனதாகச் சொன்னாள். வீடு பூட்டியிருந்ததாம்.

மீதியை வரைய விக்கி என்ற இன்னோர் ஓவியர் வந்தார். பாய் என்னைக் கூப்பிட்டு, "போறியா? மனசில்லன்னா வேற ஆளை அனுப்புறேன்" என்றார்.

நான் பெருங்களத்தூருக்குப் போய்க் கஸ்தூரியைப் பார்த்தேன். பண்டிகைக்கு ஊருக்குப் போன கூட்டம் விட்டுச்சென்ற குப்பை பஸ் நிறுத்தம் நெடுக மலைபோலக் கிடந்தது. சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர்ப் பாட்டில், ஒற்றைச் செருப்பு. வெறுங்கையால் அள்ளிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மாஸ்க்கா?" என்று நிமிர்ந்தார். "மூக்கு வாயி மறைஞ்சிடும்ல? செரி, போடட்டும். நீ போண்ணா. கண்ண மட்டும் தொடாம பாத்துக்க."

அதனால் போனேன்.

விக்கி நல்ல வேலைக்காரர், வேகமானவர். ஹெல்மெட் பளபளத்தது. மாஸ்க்கின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நிழல் கொடுத்து எழுப்பினார். கையுறைகள் பொம்மைக் கைகளைப்போலத் தடித்து வந்தன. கடைசி நாள், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்ற நிலையில், கிஷோர் கீழேயிருந்து கத்தினார். "விக்கி, கண்ணு ரொம்ப சோகமா இருக்குன்னு சொல்றாங்க. ஓரத்துல ரெண்டு கோடு, உள்ள கொஞ்சம் வெள்ளை. சிரிக்கிற மாதிரி பண்ணிடு."

"பத்து நிமிஷ வேலைதான்" என்று விக்கி வெள்ளையைக் கலக்க ஆரம்பித்தார். "அண்ணா, கொஞ்சம் மேல தூக்குங்க."

நான் லீவரிலிருந்து கையை எடுத்தேன். "காத்து அடிக்குது. மேல போக முடியாது."

எங்கள் தொழிலில் காற்று விஷயத்தில் கூடையில் நிற்கும் ஆப்பரேட்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. வாடகை கொடுக்கிறவரும் மறுத்துப் பேச முடியாது. ஆனால் அன்று காற்றே இல்லை. எதிரே கம்பத்தில் ஒரு கட்சிக் கொடி ஈரத்துணியைப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. விக்கி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கிஷோர் கீழேயிருந்து பாய்க்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்கும்படி தூக்கிப் பிடித்தார். "பாய், இங்க ஒரு இலை கூட ஆடல. உங்க ஆள் காத்து அடிக்குதுன்றாரு."

யார்டில் யாரோ இரும்பைத் தட்டுவது மட்டும் கேட்டது. பிறகு பாயின் குரல். "அவன் காத்துன்னா காத்துதான் சார்."

விக்கி கலக்கிய வெள்ளையை மூடி வைத்தார். "யாருண்ணா அது?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு, மாஸ்க்கின் ஓரத்தில் ஒரு நிழலை மட்டும் சரிசெய்துவிட்டு, "முடிஞ்சுதுண்ணா, இறக்குங்க" என்றார். மறுநாள் அந்த இயந்திரத்துக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது. கண்கள் ரேவதி வரைந்தபடியே நின்றுவிட்டன.

திறப்பு விழாவுக்கு ஷாமியானா போட்டார்கள். பெரிய மனிதர்கள் பேசினார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று சுவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். "அந்தக் கண்ணைப் பாருங்க, என்ன ஒரு வேலை!" என்று பலரும் சொன்னது என் காதில் விழுந்தது. உண்மைதான். என் காலத்தில் நான் பார்த்த சுவர்களில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. ராமமூர்த்தி சார் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள்.

துப்புரவுப் பணியாளர்களையும் அழைத்து ஒரு பக்கமாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கஸ்தூரியும் இருந்தார். யார் இவர் என்று மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. பெயர்ப் பட்டியலில் இருந்தார், கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு துணி மாஸ்க், ஒரு ஜோடி ரப்பர் கையுறை. கஸ்தூரி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கைதட்டினார்கள்.

பக்கத்தில் நின்ற பாய் அந்தப் பையைப் பார்த்துவிட்டு என் காதருகே சொன்னார். "இத்தப் போட்டுக்கினு டேங்க்ல எறங்கினா, இன்னைக்கும் அதேதான்பா."

கூட்டம் கலையும்போது கஸ்தூரி எங்களிடம் வந்தார். பையைத் திறந்து கையுறையை வெளியே எடுத்து ஒரு தரம் விரித்துப் பார்த்தார். பிறகு அண்ணாந்து சுவரைப் பார்த்தார். ஹெல்மெட், கண், மாஸ்க், கும்பிடும் ரப்பர்க் கைகள்.

"ரெண்டு பேருக்கும் குடுத்துட்டாங்கண்ணா" என்றார்.

கையுறையைப் பைக்குள் திரும்ப வைத்து, வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, டூட்டிக்குக் கிளம்பினார்.